மறையெழுத்தாசிரியர் திரித்தேமியஸ்

ஜெர்மனி தேயத்தில் மோஸல் ஆற்றங்கரையில் டிரிட்டன்ஹைம் என்றோர் சிற்றூர் உளது. அவ்வூரில் 1462-ம் ஆண்டு பெப்ருவரி மாதம் முதல் நாள் யோஹன்னஸ் என்பார் பிறந்தார். ஊர்ப்பெயரே இலத்தீன் வடிவு பெற்றுப் பிற்காலத்தில் திரித்தேமியஸ் என அவருக்கு வழங்கலாயிற்று. குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். தாயார் மறுமணம் புரிந்துகொண்டார். வந்த சிற்றப்பனோ கல்வியென்றாற் காய்பவன். பதினைந்து வயதளவும் எழுத்தறியாதிருந்த இச்சிறுவர், பின்னர் வீட்டாரறியாமல் இரவிற்சென்று கற்றனர் என்பர். பதினேழாம் வயதில் வீட்டைத் துறந்து, டிரியர் நகரிலும் நெதர்லாந்திலும் ஹைடல்பெர்க்கிலும் கல்வி தேடித் திரிந்தார்.

1482-ம் ஆண்டு ஜனவரியில் தம் ஊர்நோக்கி நடந்து செல்லுங்கால் வழியிற் கடும்பனி பெய்தது. அருகிலிருந்த ஸ்பான்ஹைம் என்னும் பெனடிக்ட் சபை மடத்தில் ஒதுங்கினார். ஒதுங்கியவர் அங்கேயே தங்கித் துறவு பூண்டார். மறு ஆண்டு ஜூலையில் மடத்தார் இவரையே தலைவராகத் தெரிந்துகொண்டனர். அப்பொழுது இவருக்கு வயது இருபத்தொன்று. நம் கல்லூரியில் அவ்வயதினர் பரீட்சைக்கு அஞ்சிக்கொண்டிருப்பர்!

இவர் தலைமையேற்ற நாளில் மடத்திலிருந்த ஏடுகள் நாற்பத்தெட்டே. இருபத்திரண்டு ஆண்டுகளில் அவை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆயின. இலத்தீன் நூல்களேயன்றிக் கிரேக்க, எபிரேய நூல்களும் அவற்றுள் அடங்கும். புலவர் பலர் தொலைவிலிருந்தும் அந்நூற்சாலையைக் காண வந்தனர். துறவிகள் கையாலேயே நூல் படியெடுத்தல் வேண்டும், அச்சு நூல் நெடுநாள் நில்லாது என்று வற்புறுத்தி இவர் ஒரு நூல் இயற்றினார். அந்நூலையும் 1494-ல் அச்சிட்டே வெளியிட்டனர் என்பது நகைச்சுவை பயப்பதாம்.

இனி, மறையெழுத்தில் இவர் புகுந்த வரலாற்றைக் கூறுவாம். செய்தியை மறைத்தெழுதுதல் பழைய வித்தை. ரோமானியத் தலைவர் சீசர் ஒவ்வோரெழுத்துக்கும் ஈடாக அதற்கு மூன்றாவதாக வரும் எழுத்தை வைத்து எழுதினார். ஆனால் ஓரெழுத்துக்கு என்றும் ஒரே எழுத்து ஈடாயின் அம்மறை நிலையாது. எம்மொழியிலும் சில எழுத்துக்கள் மிகுதியாகவும் சில அருகியும் வரும். மறையோலையில் மிக்குவரும் குறி எதுவென எண்ணிப் பார்ப்பவன் மெல்ல மெல்ல முழுவதையும் படித்துவிடுவான். இவ்வழியை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பக்தாத் நகரத்து அல்-கிந்தி எழுதிவைத்தார்.

திரித்தேமியஸ் 1499-ல் மறைத்தெழுதும் முறைகளைத் தொகுத்து ‘ஸ்டெகனோகிராபியா’ என்னும் நூலைத் தொடங்கினார். அதன் போக்கு விந்தையானது. புறத்தே பார்ப்பவர்க்கு அஃது ஆவிகளை ஏவித் தூரத்துக்குச் செய்தியனுப்பும் மந்திர நூலாகத் தோன்றும். ஆவிகளின் பெயர்களும் பொருளற்ற மந்திரச் சொற்களும் நிறைந்திருக்கும். அம்மந்திரத்தில் ஒரு சொல் விட்டு ஒரு சொல்லும், எடுத்த சொல்லில் ஓரெழுத்து விட்டு ஓரெழுத்தும் கூட்டிப் படித்தால், மறையை அவிழ்க்கும் விதி இலத்தீனில் வெளிப்படும். கரந்துறைச் செய்யுளும் காதை கரப்பும் பாடங்கேட்ட நமக்கு இது முற்றும் புதியதன்று.

இந்நூலின் அதிசயங்களைப் புகழ்ந்து, கெண்ட் நகரத்துத் துறவியும் தம் நண்பருமாகிய ஆர்னால்ட் பாஸ்டியஸுக்கு அவ்வாண்டே கடிதம் விடுத்தார். கடிதம் சேருமுன் நண்பர் இறந்துவிட்டார். பிறர் அதனைப் பிரித்துப் படித்துத் திகைத்தனர்; படிகள் பரவின. மறைத்தெழுதுவதில் வல்லவர் தம் கடிதத்தை மறைத்தெழுதத் தவறினார்! பின்னர்ப் பிரஞ்சு அறிஞர் பொவெல் என்பார் ஸ்பான்ஹைமுக்கு வந்து அந்நூலைப் பார்வையிட்டார். சில ஆண்டு கழித்து, இவர் பேய்களோடு உறவுடையவர் என்று எழுதிப் பரப்பினார். திரித்தேமியஸ் மறுத்தெழுதியும் பழி நீங்கவில்லை. இதில் அவர்பாலும் குற்றம் உண்டு. விளையாட்டாகவோ வியப்பூட்டவோ மந்திரவேடம் புனைந்தவர் அவரே. அன்றியும், ஹுனிபால்ட் என்னும் இல்லாத சரித்திராசிரியரைப் படைத்து, அவர் பெயரால் பண்டைக் கதைகளை எழுதியவர். அத்தகையவர் தம்மைப்பற்றிக் கூறிய மெய்யும் எடுபடாமற் போனதில் வியப்பில்லை.

1505-ல் அவர் வெளியூர் சென்றிருந்தபோது, அவருடைய கண்டிப்பை வெறுத்த மடத்தார் கலகஞ்செய்தனர். அவர் மீண்டும் அங்கே தலைமை தாங்கவில்லை. தேடித்தேடிச் சேர்த்த ஏடுகளை விட்டுவிட்டு, 1506-ல் வூர்ட்ஸ்பர்க் நகரத்தில் ஒரு சிறு மடத்துக்குத் தலைவரானார்.

அங்கேதான் 1508-ல் ‘பாலிகிராபியா’வை முடித்துச் சக்கரவர்த்தி மாக்ஸிமிலியனுக்கு உரிமையாக்கினார். இதில் ஆவியும் இல்லை, மந்திரமும் இல்லை. முதற்பகுதியில் 384 சொற்பட்டிகள் உள்ளன. செய்தியின் முதலெழுத்துக்கு முதற்பட்டியிலுள்ள சொல்லையும், அடுத்த எழுத்துக்கு அடுத்த பட்டியிலுள்ள சொல்லையும் எழுதிக்கொண்டே போனால், முடிவில் அஃது ஒரு ஜெபம்போலத் தோன்றும்; வழியிற் பறிப்பவன் பக்திக் கடிதமென்றே விட்டுவிடுவான். ஐந்தாம் பகுதியில் வருவது சதுர அட்டவணை. 24 வரிசைகள், வரிசைதோறும் 24 எழுத்துக்கள், ஒவ்வொரு வரிசையும் மேலதைவிட ஓரெழுத்துத் தள்ளித் தொடங்கும். செய்தியின் முதலெழுத்தை முதல் வரிசையாலும், இரண்டாவதை இரண்டாம் வரிசையாலும் மாற்றுதல் வேண்டும். ‘ஏ’ என்பதை நான்குமுறை எழுதினால் ‘ஏ, பி, சி, டி’ என வரும். எண்ணிப் பார்ப்பவன் இங்கே ஏமாறுவான். மிக்குவரும் எழுத்தே மறைந்துவிட்டதன்றோ? இத்தாலியராகிய ஆல்பெர்ட்டி இதனையொத்த சக்கரமொன்றை முன்னரே கண்டிருந்தாராயினும் அவர் நூல் அப்போது அச்சேறவில்லை.

ஆனால் ஒரு குறை. வரிசைகள் என்றும் ஒரே முறையில் வருதலின் அட்டவணையை அறிந்தவன் எவனும் படித்துவிடலாம். எழுதுவோனும் பெறுவோனும் மட்டும் அறிந்த சாவிச்சொல் ஒன்றால் வரிசையைத் தெரிந்தெடுக்கும் முறையை 1553-ல் பெல்லாஸோ என்னும் இத்தாலியர் சேர்த்தார். புகழ் மட்டும் பிற்காலத்தில் விஜெனேர் என்னும் பிரஞ்சுக்காரருக்குப் போயிற்று.

திரித்தேமியஸ் 1516-ம் ஆண்டு டிசம்பர் 13-ல் வூர்ட்ஸ்பர்க்கில் இறந்தார். ‘பாலிகிராபியா’ 1518-ல் அச்சேறிற்று. மறையெழுத்தைப்பற்றி அச்சில் வந்த முதல் நூல் அதுவே. ‘ஸ்டெகனோகிராபியா’ 1606 வரையில் கைப்படியாகவே உலாவி, பின்பு அச்சாயிற்று; 1609-ல் ரோமாபுரியின் விலக்குநூற் பட்டியலில் ஏறிற்று. அதன் முதலிரு பகுதிகளின் மந்திரம் மறையெழுத்தேயென அப்பொழுதே தெளிந்தது. எண்கள் மலிந்த மூன்றாம் பகுதியோ மெய்யான மந்திரமென்றே அறிஞரும் பலகாலம் நம்பினர். தாமஸ் எர்ன்ஸ்ட் 1996-லும், ஜிம் ரீட்ஸ் என்னும் அமெரிக்கர் 1998-லும், ஒருவர் உதவியின்றி ஒருவர் அதனை அவிழ்த்து வெளியிட்டனர். உள்ளேயிருந்தவை சிறு சிறு செய்திகளே. கடிதங் கொணர்பவன் திருடனாதலின் அவனிடத்து எச்சரிக்கையாயிருத்தல் வேண்டுமென்பது அவற்றுள் ஒன்று.