கூரத்தாழ்வானின் எழுத்தாணி

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் தை ஹஸ்தத்தில் திருவவதரித்த கூரத்தாழ்வான், 1017இல் அவதரித்த ஸ்ரீராமாநுஜரினும் வயதில் மூத்தவராயிருந்தும், பெருஞ்செல்வத்தைத் துறந்து அவர் திருவடி பணிந்தார். பிரம்ம ஸூத்திரங்களுக்கு உரை காண வேண்டி இருவரும் போதாயன விருத்தியை நாடிக் காச்மீரம் சென்ற வரலாற்றைக் குருபரம்பரை கூறும். கையிற்கிட்டிய சுவடியை அந்நாட்டுப் பண்டிதர்கள் வழியிலேயே பறித்துச் சென்றனர். உடையவர் மனம் நொந்தார். ஆழ்வானோ, வழிநடைக் களைப்பையும் பாராது இரவுதோறும் அதனை ஓதி நெஞ்சிற் பதித்து வைத்திருந்தார்! அந்நினைவாற்றலைக் கொண்டு தாமே ஓர் உரை செய்து பெயர் பெற்றிருக்கலாம்; ஆசாரியர் அருளிச்செய்ய ஓலையில் எழுதும் கைங்கரியத்தையே ஏற்றார்.

உடன்பாடில்லாத இடத்தில் எழுத்தாணி நிற்கவேண்டும் என்பது உடையவரின் நியமனம். ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தை அறிவுடைமையால் மட்டும் நிரூபித்து, பகவானுக்கு அடிமைப்பட்டிருத்தலைச் சொல்லாது விட்டபோது எழுத்தாணி நின்றது. உடையவர் சினந்தார், ஆழ்வான் அசையவில்லை. பின்னர் உடையவரே தெளிந்து திருத்தியருளினார். ஸ்ரீபாஷ்யம் அவ்வாறு வளர்ந்தது.

பின்னொருநாள் உடையவரின் காஷாயத்தைத் தாம் உடுத்துச் சோழன் சபைக்குச் சென்று ஆழ்வான் கண்களை இழந்தார். உடையவரோ கொங்கு நாட்டு வழியே மேல்நாடு எழுந்தருளினார். மீண்டு வந்தபின், கண்களை வேண்டிப் பெறுமாறு அவர் நியமிக்க, ஆழ்வான் காஞ்சியில் வரதராஜ ஸ்தவம் பாடினார். பேரருளாளன் வரமளிக்க உகந்தபோது, தமக்கு அத்தீங்கு நேரக் காரணனாயிருந்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறே கிட்டவேண்டும் என்று கேட்டார்.