ஜி. டி. நாயுடு

கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 – ஜனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபரும் ஆவார். ஜி. டி. நாயுடு எனப் பரவலாக அறியப்படும் இவர் பேருந்துப் போக்குவரத்து, மின் மோட்டார், சவரக் கருவி, வானொலிப் பெட்டி, மகிழுந்து எனப் பல துறைகளில் ஈடுபட்டார். இயந்திரப் பொருள்கள் உள்நாட்டிலேயே, எளிய மக்கள் வாங்கக்கூடிய விலையில் உருவாக வேண்டும் என்பது இவரது முயற்சிகளின் பொதுவான நோக்கமாக இருந்தது.

பிறப்பும் இளமையும்

கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் இவருக்கு நாட்டம் ஏற்படவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிள் இவரை ஈர்த்தது. கோவையில் ஓர் உணவு விடுதியில் பணியாற்றிச் சேர்த்த பணத்தில் அவ்வண்டியை வாங்கி, அதன் பாகங்களைக் கழற்றி மீண்டும் பொருத்தி இயந்திர நுட்பத்தைத் தாமே கற்றுக்கொண்டார்.

தொழில் முயற்சிகள்

1920 ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை இயக்கத் தொடங்கினார். இதுவே யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937 இல் தி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து உள்நாட்டிலேயே மின் மோட்டாரை உருவாக்கினார். கோவையின் மோட்டார், பம்புத் தொழிலுக்கு இது அடித்தளமிட்டது. செருமனியில் உருவான 'ரேசண்ட்' மின் சவரக் கருவியும் இவரது கண்டுபிடிப்பே.

வானொலிப் பெட்டி

சென்னையில் 1938 இலும் திருச்சிராப்பள்ளியில் 1939 இலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தொடங்கப்பட்டன. கோவைக்கு 1966 இல்தான் தனி நிலையம் அமைந்தது. எனவே கொங்குப் பகுதி நேயர்கள் சுமார் 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சியையோ, அயல்நாட்டுச் சிற்றலை ஒலிபரப்புகளையோ நாட வேண்டியிருந்தது. தொலைவிலிருந்து வரும் அலைகள் வலுக்குன்றியவை. அவற்றைப் பெற வீட்டுக்கு வெளியே உயரத்தில் ஏரியல் கம்பி கட்டி, நில இணைப்பும் தருவது வழக்கம். கம்பி சேர்க்கும் நுண்ணிய மின்குறிப்பைப் பெருக்கிக் கேட்கத்தக்க ஒலியாக்கப் பல வால்வுகள் கொண்ட பெட்டி தேவைப்பட்டது.

ஐந்து வால்வுப் பெட்டி இதற்கு ஏற்றது. வழக்கமான அமைப்பில் அலைவெண் மாற்றம், இடைநிலைப் பெருக்கம், ஒலி பிரித்தெடுத்தல், ஒலிபெருக்கியை இயக்குதல், மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்குதல் ஆகிய பணிகளை அவ்வைந்து வால்வுகளும் பகிர்ந்து செய்யும். அக்காலத்தில் வானொலிப் பெட்டிகள் பெரும்பாலும் இறக்குமதி செய்யப்பட்டதால் வசதி படைத்தோரே அவற்றை வாங்க இயன்றது. இந்நிலையில் 1941 இல், இரண்டாம் உலகப் போரின் நடுவே, ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தயாரிக்க இயலும் என நாயுடு அறிவித்தார்.

மகிழுந்து

1952 இல் 2,000 ரூபாய் விலையில் இருவர் பயணிக்கும் பெட்ரோல் மகிழுந்தை உருவாக்கினார். அரசு உற்பத்தி உரிமம் வழங்க மறுத்ததால் அத்திட்டம் கைவிடப்பட்டது. குறைந்த செலவில் செய்து காட்டுவது மட்டும் போதாது, உரிமமும் கிடைத்தால்தான் ஒரு பொருள் மக்களைச் சென்றடையும் என்பதற்கு இது சான்றாயிற்று.

கல்விப் பணி

1945 இல் இவரது நன்கொடையால் கோவையில் ஆர்தர் ஹோப் தொழிற்கல்வி நிறுவனங்கள் தோன்றின. அவற்றுள் பொறியியல் கல்லூரி பின்னர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று. முதல்வராகவும் பணியாற்றிய நாயுடு, பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, செய்முறைப் பயிற்சியுடன் இரண்டு ஆண்டுகளே போதும் எனக் கருதினார். அரசு இதனை ஏற்காததால் பதவி விலகினார்.

மறைவு

1974 சனவரி 4 அன்று தமது 80 ஆம் வயதில் காலமானார். கோவை அவிநாசி சாலையில் 2025 இல் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.