50 டாலர் அபராதமும் பறிபோன கண்களும்

அட்லாண்டாவிலிருந்து கொலம்பியாவில் இருக்கும் நண்பன் வீட்டுக்கு அடிக்கடி காரில் போவேன். வழியில், நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி பேட்ஸ்பர்க்-லீஸ்வில் என்று ஒரு சின்ன ஊர். ஒருமுறை அப்பாவோடு போனபோது வண்டியை உள்ளே திருப்பினேன். அங்கே ஒரு நினைவுப் பலகை நிற்கிறது. அதன் அடியில் பிரெய்ல் எழுத்துகள். ஏன் என்று அப்பா கேட்டார். அப்போது அவருக்குச் சொன்ன கதைதான் இது.

ஐசக் வுடார்ட் 1919-ல் தென் கரோலினாவில் ஒரு ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதியில் பணியாற்றி சார்ஜென்ட் ஆனார். 1946 பிப்ரவரி 12 அன்று ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, சீருடையோடு பஸ் ஏறினார். வயது 26. வழியில் கழிவறைக்குப் போக வேண்டும் என்று கேட்டதில் டிரைவரோடு வாக்குவாதம். பேட்ஸ்பர்க்கில் டிரைவர் போலீஸைக் கூப்பிட்டார். ஊரின் போலீஸ் தலைவர் லின்வுட் ஷல் தடியால் அடித்ததில் வுடார்டின் இரண்டு கண்களும் போயின.

மறுநாள் காலை, பார்வை இல்லாத அந்த மனிதரையே கோர்ட்டில் நிறுத்தினார்கள். குடித்துவிட்டுக் கலாட்டா செய்தார் என்று 50 டாலர் அபராதம்!

கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி அமைப்பு வழக்கைக் கையில் எடுத்தது. ஆர்சன் வெல்ஸ் ரேடியோவில் வாரம்தோறும் பேசினார். ஆனால் ஒரு சிக்கல். எந்த ஊரில் அடித்தார்கள் என்று வுடார்டுக்கே சரியாகத் தெரியவில்லை. ஏய்கன் என்று சொன்னார். அந்த ஊர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். உண்மையான ஊரும் ஆளும் தெரிய பல மாதங்கள் ஆயின.

விஷயம் ஜனாதிபதி ட்ரூமன் காதுக்குப் போன பிறகுதான் மத்திய அரசு ஷல் மீது வழக்குப் போட்டது. நவம்பரில் விசாரணை. அரசு வக்கீல் சாட்சிகளைச் சரியாகத் தேடவே இல்லை. வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி, அரை மணி நேரத்துக்குள் ஷல்லை விடுதலை செய்தது. பஸ் கம்பெனி மீது வுடார்ட் போட்ட வழக்கும் தோற்றது.

ஆனால் அவர் பட்ட அடி வீணாகவில்லை. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி வேட்டீஸ் வாரிங் மனம் மாறினார். 1951-ல் பள்ளிகளில் நிறப் பாகுபாடு தவறு என்று தனித் தீர்ப்பு எழுதினார். 1948-ல் ட்ரூமன் ராணுவத்தில் இனப் பாகுபாட்டை ஒழிக்க உத்தரவு போட்டார். வுடார்ட் நியூயார்க்கில் வாழ்ந்து 1992-ல் காலமானார். அவர் மீதான அந்த அபராதத் தீர்ப்பு ரத்தானது 2018-ல்தான்.

அப்பா கேட்டார்: இப்போ இப்படி நடந்தா என்னப்பா பண்றது?

வுடார்டுக்குக் கிடைக்காத ஒரு வழி இன்று இருக்கிறது. அதிகாரி மீது கிரிமினல் வழக்குப் போடுவது அரசின் கையில். ஆனால் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கை நாமே போடலாம். அதற்கான சட்டம் 1871-லேயே வந்துவிட்டாலும், 1961-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகுதான் உயிர் பெற்றது. குடிமக்களுக்கு மட்டுமல்ல, விசாவில் வந்தவர்களுக்கும் அது பொருந்தும். ஜெயித்தால் வக்கீல் ஃபீஸையும் எதிர்த்தரப்பிடம் வாங்கலாம்.

2015-ல் அலபாமாவில், பேரனைப் பார்த்துக்கொள்ள வந்த ஒரு குஜராத்தி தாத்தா வாக்கிங் போகும்போது போலீஸால் தரையில் தள்ளப்பட்டு முடங்கிப்போனார். கிரிமினல் வழக்கில் அந்த அதிகாரிக்குத் தண்டனை கிடைக்கவில்லை. சிவில் வழக்கில் 2021-ல் 17.5 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது. பணம் வந்தாலும் நடை திரும்பாது. அது வேறு விஷயம்.

வுடார்ட் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது மூன்று. ஒன்று, இடம், நேரம், அதிகாரியின் பேட்ஜ் எண் எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். காயங்களைப் போட்டோ எடுங்கள், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வாங்குங்கள். போலீஸ் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி வக்கீல் மூலம் உடனே கடிதம் அனுப்புங்கள். இரண்டு, சின்ன அபராதம்தானே, கட்டிவிட்டுப் போவோம் என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஒப்புதலே பின்னால் உங்கள் வழக்குக்குத் தடையாகலாம், விசாவையும் பாதிக்கலாம். மூன்று, தள்ளிப்போடாதீர்கள். பல மாநிலங்களில் காலக்கெடு 2 ஆண்டு, சிலவற்றில் ஒன்றே ஒன்று. சில புகார் நோட்டீஸ்களுக்கு வெறும் 6 மாதம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த இடத்திலேயே எதிர்த்து மல்லுக்கு நிற்காதீர்கள். சண்டையை கோர்ட்டில் போடலாம், அதற்கு முதலில் உயிரோடு வீடு திரும்ப வேண்டும்.

அப்பா இப்போது காலையில் வாக்கிங் கிளம்பும்போது சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அவர் பெயர், எங்கள் முகவரி, என் போன் நம்பர், ஆங்கிலம் அதிகம் வராது என்று ஒரு வரி. சீட்டை எழுதிக் கொடுத்தது நான். தினமும் மறக்காமல் எடுத்துவைப்பது அவர்தான்.