அட்டவணைகளை இணைத்த விமானி

இந்தப் பருவத்தில் தரவுத்தளப் பாடம் படிக்கும் எனக்கு, பாடநூலின் வரையறைகளைவிட எட்கர் காட் என்பவரின் வாழ்க்கை அதிகம் புரியவைத்தது.

இங்கிலாந்தின் போர்ட்லண்ட் தீவில் 1923ல் பிறந்தவர் அவர். ஆக்ஸ்ஃபர்டில் படித்தார். இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்தார். பிறகு அமெரிக்கா சென்று ஐபிஎம் நிறுவனத்தில் நிரலாளரானார். செனட்டர் மெக்கார்த்தியின் போக்குப் பிடிக்காமல் சில ஆண்டுகள் கனடாவுக்கே போய்விட்டார். முனைவர் பட்டம் பெற்றபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

அக்காலத் தரவுத்தளங்களில் ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்குப் போகும் வழியை நிரலாளரே சொல்ல வேண்டும். தரவு அடுக்கப்பட்ட விதம் மாறினால் நிரலையும் மாற்ற வேண்டியதுதான். 1970ல் வெளிவந்த தம் கட்டுரையில் எட்கர் காட் இதைத் தலைகீழாக்கினார். தகவல் எல்லாம் எளிய அட்டவணைகளில் இருக்கட்டும். என்ன வேண்டும் என்று மட்டும் நாம் கேட்போம். தேடும் வழியைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும் என்பதே அவர் எண்ணம். இரண்டு அட்டவணைகளைப் பொதுவான மதிப்பைக் கொண்டு சேர்க்கும் ‘ஜாயின்’ அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது.

அதன் அருமை ஆய்வுக்கூடத்தில்தான் தெரிகிறது. ஓர் அட்டவணையில் 1,000 மாணவர்கள், இன்னொன்றில் துறைகள். ஒவ்வொரு மாணவருக்கும் துறையின் பெயர், கட்டடம், தொலைபேசி எண் வேண்டும். பலரும் மூன்றுக்கும் மூன்று ‘சப்குவரி’ எழுதுகிறார்கள். கணினி அதை அப்படியே நிறைவேற்றினால் 3,000 தேடல்கள்! நடந்து நடந்து தேடிய பழைய காலத்துக்கே திரும்புவது போல எனக்குத் தோன்றும். துறை எண்ணை வைத்து ஒருமுறை ஜாயின் செய்தால் மூன்று விவரங்களும் சேர்ந்தே வந்துவிடும். துறை ஒதுக்கப்படாத மாணவரும் பட்டியலில் வேண்டுமென்றால் ‘லெஃப்ட் ஜாயின்’.

மதிப்பெண்கள்போல ஒருவருக்குப் பல வரிசைகள் இருந்தால் கவனம் தேவை. முதலில் ‘குரூப் பை’ கொண்டு சராசரியைக் கணக்கிட்டு, ஒருவருக்கு ஒரு வரிசையாகச் சுருக்கிய பிறகே இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மாணவர் பலமுறை வந்து நிற்பார்.

இத்தனை எளிமையான எண்ணத்தை ஐபிஎம் உடனே வரவேற்கவில்லை. ஐஎம்எஸ் என்ற பழைய பாணித் தரவுத்தளம் அதற்கு நல்ல வருமானம் தந்துகொண்டிருந்தது. அங்கேயே பணியாற்றிய டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் எஸ்கியூஎல் மொழியை உருவாக்கினார்கள். அந்த மொழி தம் கணிதத்தை முழுமையாகப் பின்பற்றவில்லை என்ற குறை எட்கர் காட்டுக்கு உண்டு. அதை 1979ல் முந்திக்கொண்டு விற்பனைக்குக் கொண்டுவந்ததோ, பின்னாளில் ஆரக்கிள் என்று பெயர் பெற்ற சிறு நிறுவனம். ஐபிஎம்மின் தயாரிப்பு 1981ல்தான் வந்தது. அதே ஆண்டு எட்கர் காட் டூரிங் விருது பெற்றார். 2003ல் ஃபுளோரிடாவில் காலமானார்.