படுக்கையில் இருந்தே படை நடத்தினார்!

கிரிமியப் போரில் கைவிளக்கு ஏந்திய நைட்டிங்கேல் அம்மையாரை அறியாதவர் யார்? ஊர் திரும்பியபின் அவர் பெரும்பாலும் படுத்த படுக்கைதான்!

ஆனால் மனம் படுக்கவில்லை. மக்கள் திரட்டித் தந்த நிதியைக் கொண்டு, 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குப் பள்ளி அமைத்தார். கட்டுப் போடத் தெரிந்தால் போதுமா? வார்டைக் கட்டி ஆளவும் தெரியவேண்டுமே! நேரந்தவறாமை, வார்டு நடத்தும் திறமை எல்லாவற்றையும் கவனித்து, மாணவிக்கு மாணவி மாதந்தோறும் குறித்து வைத்தார்கள்.

அங்கு பயின்ற ஆக்னஸ் ஜோன்ஸ், 1865-ல் லிவர்பூல் ஏழைகள் விடுதி ஆஸ்பத்திரிக்குத் தலைவியாகப் போனார். ஆயிரத்துக்கு மேல் நோயாளிகள்! 1868-ல் டைபஸ் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 35. நைட்டிங்கேல் துடித்துப்போனார்.

அடுத்த மாதமே இன்னொரு மாணவி லூசி ஆஸ்பர்ன், ஐந்து நர்சுகளுடன் சிட்னியில் கப்பல் இறங்கினார்.