கல்லில் உயிர் வடித்த காமில் குளோதெல்

சிற்பம் ஒன்றைக் காண்போர், அதன் அழகில் ஒன்றிய பின்னர்க் கேட்கும் முதல் வினா, இதனைச் செய்தவர் யார் என்பதேயாகும். நம் நாட்டுக் கோயிற் சிற்பியருள் பெரும்பாலோர் தம் பெயரைக் கல்லில் பொறித்தாரிலர். பெயர் பொறியாமை அவர்தம் மரபு. அதனால் அவர்கட்கு இழப்பும் இல்லை. ஆனால், 19ஆம் நூற்றாண்டின் பாரிசு நகரத்தில் நிலைமை வேறு. ஆண்டுதோறும் நடைபெறும் கண்காட்சியில் பெயர் அறிமுகமாக வேண்டும்; பெயர் அறிந்த பின்னரே அரசும் செல்வரும் பணி தருவர்; பணி கிடைத்தால்தான் சலவைக்கல் வாங்கவும் வெண்கலம் வார்க்கவும் பொருள் கிட்டும். பெயரே அங்குச் சிற்பியின் பிழைப்பாக இருந்தது. அத்தகைய சூழலில், பெருஞ்சிற்பி ஒருவரின் மாணவி என்றும் காதலி என்றும் மட்டுமே அறியப்பட்டு, தம் சொந்தப் பெயரை இழந்து, வாழ்வின் இறுதி 30 ஆண்டுகளை மனநோய் விடுதியில் கழித்து மறைந்தவர் காமில் குளோதெல் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. மாணவர், ஆசிரியர், குடும்பப் பெரியோர் ஆகிய முத்திறத்தாரும் எண்ணிப் பார்க்க வேண்டிய அவர்தம் வரலாற்றை இங்குச் சுருங்கக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

காமில் 1864ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், வடக்குப் பிரான்சிலுள்ள பேர்-ஆன்-தார்தெனுவா என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அரசுப் பதிவுத்துறை அலுவலர். தங்கை லூயிஸ், தம்பி போல். இத்தம்பியே பிற்காலத்தில் பிரான்சின் பெருங்கவிஞருள் ஒருவராகவும் நாட்டின் தூதராகவும் விளங்கிய போல் குளோதெல் ஆவார்.

சிறுமிப் பருவத்திலேயே காமில் களிமண்ணைப் பிசைந்து உருவங்கள் செய்யத் தொடங்கினார். வீட்டாரையும் அண்டை அயலாரையும் எதிரே அமர்த்தி, அவர்தம் முகங்களை மண்ணில் வடிப்பது அவர்தம் விளையாட்டு. தாயார்க்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. தந்தையாரோ மகளின் திறத்தை மதித்துப் போற்றினார். குடும்பம் நோழான்-சுர்-சேன் என்னும் ஊரில் வாழ்ந்தபோது, ஆல்பிரெட் பூஷே என்னும் சிற்பி அச்சிறுமியின் வேலைகளைக் கண்டு வியந்தார். அவர்தம் ஊக்கத்தாலும் தந்தையாரின் துணையாலும் 1881இல் தாயும் மக்களும் பாரிசுக்குக் குடிபெயர்ந்தனர்.

அக்காலத்தில் பிரெஞ்சு அரசின் கவின்கலைக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. அதன் கதவு பெண்களுக்குத் திறந்தது 1897இல்தான். எனவே காமில், பெண்களையும் ஏற்றுக்கொண்ட கொலரோசி என்னும் தனியார் கலைப்பள்ளியில் பயின்றார். பின்னர்த் தோழியர் சிலருடன் சேர்ந்து வாடகைக்கு ஒரு சிற்பக்கூடம் எடுத்துப் பயிற்சி செய்தார். இங்கிலாந்திலிருந்து வந்த ஜெசி லிப்ஸ்கோம் அத்தோழியருள் ஒருவர். பூஷே அங்கு வந்து திருத்தம் சொல்லிச் செல்வார். அவர் இத்தாலிக்குப் புறப்பட்டபோது, தம் இடத்தில் மாணவியரைக் கவனிக்குமாறு நண்பர் ஒருவரைக் கேட்டுக்கொண்டார். அந்நண்பரே ஒகுஸ்த் ரோடின்.

ஆசிரியரும் மாணவியும்

ரோடின் 1840இல் பிறந்தவர்; காமிலைவிட 24 வயது மூத்தவர். அப்போதுதான் அரசிடமிருந்து ‘நரகத்தின் வாயில்’ என்னும் பெரும்பணியைப் பெற்று, ஐரோப்பாவின் தலைசிறந்த சிற்பி என்னும் நிலைக்கு உயர்ந்துகொண்டிருந்தார். 1884ஆம் ஆண்டளவில் காமில் அவரது சிற்பக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். பெருஞ்சிற்பியின் கூடம் என்பது ஒரு தொழிற்சாலை போன்றது. ஆசிரியர் களிமண்ணில் உருவமைப்பார். உதவியாளர் அதனைப் பிளாஸ்டரில் வார்ப்பர், பெரிதாக்குவர், சலவைக்கல்லில் செதுக்குவர். முடிந்த படைப்பில் ஆசிரியர் பெயர் மட்டுமே இருக்கும். ரோடின் தம் உருவங்களின் கைகளையும் பாதங்களையும் வடிக்கும் நுண்பணியைக் காமிலிடம் ஒப்படைத்தார் என்பர். ‘கலே நகரத்தார்’ என்னும் புகழ்மிக்க தொகுதி உருவாகிய ஆண்டுகளில் அவர் அக்கூடத்தில் உழைத்துக்கொண்டிருந்தார்.

கற்பித்தல் காதலாயிற்று. ரோடினுக்கோ 1864 முதல் ரோஸ் பெரே என்னும் பெண்மணி வாழ்க்கைத் துணையாக இருந்தார். 1886இல் காமிலை மணப்பதாக ரோடின் எழுத்தில் உறுதியளித்தார், அவ்வுறுதி நிறைவேறவில்லை. ரோஸைப் பிரியவும் அவரால் முடியவில்லை; காமிலை விடவும் மனமில்லை. இந்த இருதலை நிலை ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீடித்தது.

இக்காலத்தில் யார் யாரிடம் கற்றார் என்பது எளிதில் விடை கூற இயலாத வினாவாகும். 1887ஆம் ஆண்டளவில் காமில் செய்த ‘கதிர்க்கட்டுடன் இளநங்கை’ என்னும் சுடுமண் சிற்பத்தையும், அதன் பின்னர் ரோடின் சலவைக்கல்லில் வடித்த ‘கலாத்தியா’வையும் அருகருகே வைத்துப் பார்ப்போர், உடல் அமைதியில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதைக் காண்பர். ஆசிரியர் மாணவிக்கு அளித்தது உண்மை. மாணவியிடமிருந்து பெற்றதும் உண்மை. ஆனால் உலகம் கணக்கெழுதியபோது முதற்பகுதியை மட்டுமே எழுதியது.

சகுந்தலை

காமில் தமக்கெனத் தனித்துச் செய்த முதற்பெருஞ்சிற்பத்திற்கு நம் நாட்டுக் கதையையே தெரிந்துகொண்டார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. காளிதாசரின் நாடகத்தைத் தழுவி அவர் வடித்த ‘சகுந்தலை’ 1888ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் வைக்கப்பெற்றுச் சிறப்புப் பாராட்டும் பெற்றது.

அந்நாடகத்தில் துருவாச முனிவரின் சாபத்தால் மன்னன் துஷ்யந்தன் தான் மணந்த சகுந்தலையை மறந்துவிடுகின்றான். அடையாளமாகக் கொடுத்த கணையாழியோ ஆற்றுநீரில் விழுந்துவிட்டது. அவையில் அவள் சொல் எடுபடவில்லை. பின்னர் மீனவன் ஒருவன் பிடித்த மீனின் வயிற்றில் அக்கணையாழி கிடைக்கின்றது. காவலர் அவனைக் கள்வன் என்று பிடித்துச் செல்ல, கணையாழியைக் கண்ட மன்னனுக்கு நினைவு திரும்புகின்றது. ஒரு பெண்ணின் உண்மையை அரசவை மறுத்தபோது, அதனை நீருக்குள்ளிருந்து மீட்டுத் தந்தது ஓர் எளிய மீனவனின் வலையே. பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களிலிருந்து வந்து பயிலும் நம் மாணவர்க்கு இப்பகுதி தனியே சுவை பயக்கும்.

காமில் தெரிந்துகொண்டது நாடகத்தின் இறுதிக்கட்டம். மன்னன் மண்டியிட்டு முகம் உயர்த்துகின்றான். சகுந்தலை அவன்மீது சாய்ந்து, கண்மூடி, மன்னிக்கின்றாள். தம்மை மறவாது ஒருவர் திரும்பி வருவார் என்னும் நம்பிக்கை அச்சிற்பத்தில் உறைந்துள்ளது. அவர்தம் வாழ்வில் அந்நம்பிக்கை பொய்த்தது.

பிரிவும் தனிவழியும்

1892ஆம் ஆண்டளவில் காமில் தனிக்குடியிருப்பு தேடிக்கொண்டார். 1898இல் பிரிவு முழுமையாயிற்று. இப்பிரிவுக் காலத்திலேதான் அவர்தம் கலை தனக்குரிய வழியைக் கண்டது. ‘நடனம்’, ‘உரையாடும் மகளிர்’, ‘அலை’ ஆகியவை இக்காலப் படைப்புகள். ‘உரையாடும் மகளிர்’ சிற்பத்தில் நான்கு பெண்கள் ஒரு மூலையில் நெருங்கியமர்ந்து, ஒருத்தி சொல்லும் மறைச்செய்தியைச் செவிமடுக்கின்றனர். ‘அலை’யில் எழுந்து வளையும் பேரலையின்கீழ் மூன்று சிறு பெண்ணுருவங்கள் கைகோத்து நிற்கின்றன. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் புகழ்பெற்ற அலையோவியத்தின் சாயல் அதில் உண்டு. அலை ஓனிக்ஸ் என்னும் பச்சை வரிக்கல்லிலும், பெண்ணுருவங்கள் வெண்கலத்திலும் அமைந்தவை. பேருருவங்களின் ஆசானாகிய ரோடினிடம் காணப்படாத வகை இது: கையளவு உருவில் அன்றாட வாழ்வின் ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்தும் கலை.

1895இல் அரசு அவரிடம் ‘முதிர்ச்சிப் பருவம்’ என்னும் தொகுதியைச் செய்யப் பணித்தது. முதியவள் ஒருத்தி ஓர் ஆடவனை இழுத்துச் செல்கின்றாள். பின்னே இளையவள் மண்டியிட்டு இரு கைகளையும் நீட்டி மன்றாடுகின்றாள். அவன் கைக்கும் அவள் கைகளுக்கும் இடையே சிறு வெளி மட்டுமே உள்ளது. அவ்வெளியே சிற்பத்தின் உயிர். இளமையை விட்டு முதுமைக்குச் செல்லும் மனித வாழ்வு என்று இதனைக் கொள்வாரும் உளர். ரோஸ், ரோடின், காமில் என்று மூவரைக் காண்பாரும் உளர். பிளாஸ்டர் உரு 1899இல் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதனை வெண்கலத்தில் வார்க்கும் ஆணையை அரசு அவ்வாண்டே கைவிட்டது. இதற்கு ரோடினே காரணம் என்று காமில் நம்பினார். ஆய்வாளரிடையே இதில் ஒருமித்த கருத்தில்லை. 1902இல் படைத்தலைவர் ஒருவர் தம் சொந்தப் பொருளில் அதனை வார்ப்பித்தார்.

ஓவியர்க்குத் துணியும் வண்ணமும் போதும். சிற்பிக்குக் கல்லும் உலோகமும் கூலியாட்களும் வேண்டும். அரசுப்பணி இன்றி அத்தொழிலை நடத்துதல் அரிது. காமில் கடனிலும் வறுமையிலும் வீழ்ந்தார். எழேன் புளோ என்னும் கலைவணிகர் 1905 முதல் சில கண்காட்சிகள் நடத்தி உதவினார். அவை போதுமானவையாக இல்லை.

ரோடின்மீது முழுப்பழியையும் சுமத்துவது முறையன்று. பிரிந்த பின்னரும் அவர் காமிலுக்காகப் பலரிடம் பரிந்துரைத்தார், பொருளும் அனுப்பினார். ஆயினும் அவர்தம் புகழின் பருமையே காமிலின் தடையாயிற்று. நல்லதொரு படைப்பைக் கண்டவர் இது ரோடினின் பயிற்சி என்றனர்; குறை கண்டவர் இது ரோடினின் சாயல் என்றனர். இரண்டிலும் காமிலின் பெயர் இல்லை.

பூட்டப்பட்ட கதவு

தனிமை காமிலின் மனத்தைச் சிதைத்தது. ரோடினும் அவரைச் சார்ந்தோரும் தம் கருத்துகளைக் களவாடுகின்றனர், தமக்கு நஞ்சிட முயல்கின்றனர் என்னும் அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. செய்த உருவங்களைத் தாமே சுத்தியலால் உடைத்தெறிந்தார். நோய் உண்மையானது; அதனை மறுப்பதற்கில்லை.

1913 மார்ச் 2ஆம் நாள், அவரை என்றும் காத்துவந்த தந்தையார் மறைந்தார். அச்செய்தி மகளுக்குத் தெரிவிக்கப்படவில்லை. எட்டே நாளில், மார்ச் 10ஆம் நாள், குடும்பத்தாரின் வேண்டுகோளின்படி அவர் வீட்டிலிருந்து மனநோய் விடுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மருத்துவர் சான்றும் குடும்பத்தார் ஒப்பமும் இருந்தால் ஒருவரை அடைத்துவைக்க 1838ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. 1914இல் முதல் உலகப்போர் மூண்டதும், தெற்கே அவிஞோன் நகரத்தை அடுத்த மோந்தவெர்க் விடுதிக்கு மாற்றப்பட்டார்.

அங்கிருந்த மருத்துவர்கள் 1920ஆம் ஆண்டளவில், அவரை வீட்டிற்கு அழைத்துக்கொள்ளலாம் என்று கருத்துரைத்தனர். தாயார் இசையவில்லை; மகளுக்கு மடல் வருவதையும் அவரிடமிருந்து மடல் செல்வதையும் தடுக்குமாறு கேட்டுக்கொண்டார். 1929இல் இறக்கும்வரை ஒருமுறையேனும் மகளைச் சென்று கண்டாரில்லை. தம்பி போல், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தூதராக உலவியவர், 30 ஆண்டுகளில் ஏறத்தாழப் பன்னிரு முறையே வந்து பார்த்தார். 1929இல் பழைய தோழி ஜெசி லிப்ஸ்கோம் தேடிவந்து கண்டார். அப்போது எடுத்த நிழற்படத்தில் காமில் மடியில் கைகட்டி அமர்ந்திருக்கின்றார். அக்கைகள் விடுதியில் இருந்த காலமெல்லாம் மீண்டும் களிமண்ணைத் தொடவே இல்லை. 1943 அக்டோபர் 19ஆம் நாள், தம் 78ஆம் வயதில் காமில் மறைந்தார். புதைத்த இடமும் நிலைக்கவில்லை. எலும்புகள் பின்னர்ப் பொதுக்குழிக்கு மாற்றப்பட்டன.

ரோடினின் இறுதியோ வேறு. 1917இல் ரோஸை மணந்து, அவ்வாண்டே மறைந்தார். அவர் பெயரில் அரசு அருங்காட்சியகம் 1919இல் பாரிசில் திறக்கப்பெற்றது. நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் கிடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் விளங்கும் ஆடல்வல்லான் திருவுருவின் நிழற்படங்களைக் கண்டு வியந்து அவர் எழுதிய கட்டுரை, அவர் மறைவிற்குப்பின் 1921இல் வெளிவந்தது. தொலைநாட்டுச் சிற்பியின் பெயரறியாக் கைத்திறனை அவ்வளவு நுட்பமாக உணர்ந்தவரின் மாணவி அப்போது விடுதியின் சுவர்களுக்குள் இருந்தார் என்பது நெஞ்சை உறுத்துகின்றது.

கணையாழி கிடைத்தது

மறதி நீங்கக் காலமாயிற்று. 1951இல் ரோடின் அருங்காட்சியகத்தில் காமிலின் படைப்புகளுக்குத் தனிக் கண்காட்சி நடைபெற்றது. அடுத்த ஆண்டு போல் குளோதெல் தம்மிடமிருந்த தமக்கையின் சிற்பங்கள் சிலவற்றை அங்கு வழங்கினார். 1980களில் நூல்களும் பெருங்கண்காட்சியும் 1988இல் வெளிவந்த திரைப்படமும் அவர்தம் பெயரை உலகெங்கும் பரப்பின. 2017இல், அவர் இளமையில் வாழ்ந்த நோழான்-சுர்-சேன் ஊரில் அவர் பெயராலேயே அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. நெடுநாள் ஆளில்லாதிருந்த பாரிசுக் குடியிருப்பு ஒன்றில் கண்டெடுக்கப்பட்ட ‘முதிர்ச்சிப் பருவம்’ வெண்கல வார்ப்பு, 2025 பிப்ரவரியில் 30 இலட்சம் யூரோவுக்கும் மேலான விலைக்கு ஏலம்போனது. ஒரு காலத்தில் அரசு வார்க்க மறுத்த சிற்பம் அது.

நிறைவாக

மீஞ்சூர் முதல் பழவேற்காடு வரையுள்ள நம் ஊர்களிலும் இவ்வரலாற்றின் நிழல் இல்லாமலில்லை. ஏரியில் வலைவிரிக்கும் முறையைப் பகிரும் ‘பாடு’ வழக்கில் ஆடவர் பெயர்களே இடம்பெற்று வந்தன. நீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்த மகளிர்க்கும், கருவாடு உலர்த்திச் சந்தைக்குச் சுமந்த மகளிர்க்கும் அக்கணக்கில் இடமில்லை. பழவேற்காட்டு மகளிர் பனையோலையில் முடையும் வண்ணப் பெட்டிகள் தொலைவூர்களுக்கும் செல்கின்றன. முடைந்தவர் பெயர் அவற்றுடன் செல்வதில்லை.

காமிலின் வாழ்வு மூவர்க்கு மூன்று செய்திகளை விட்டுச் செல்கின்றது. ஆசிரியர் மாணவர்க்குக் கல்வியைக் கொடுத்தால் மட்டும் போதாது. மாணவர் செய்ததை மாணவர் பெயராலேயே அவையில் சொல்லவும் வேண்டும். பெரியோர், பெண்மக்களின் துயரைக் குடும்பத்தின் இழுக்கெனக் கருதிக் கதவடைத்தல் கூடாது. நோயுற்றவரைத் தேடிச் சென்று நலம் உசாவுதல் எல்லா அறங்களும் வலியுறுத்தும் கடமையாகும். மாணவர், குறிப்பாக மாணவியர், தாம் செய்யும் எதனையும் தம் பெயரிட்டுச் செய்யவும், அதனைக் காத்துவைக்கவும் பழக வேண்டும். காமில் உடைத்தவை போக எஞ்சியவையே பின்னாளில் அவருக்காகச் சான்று கூறின.

கதையில் கணையாழி கிடைத்தபோது சகுந்தலை உயிருடன் இருந்தாள். காமிலுக்கு அது வாய்க்கவில்லை. நம்மிடையே வாழ்வோர்க்கேனும் உரிய பெயரை உரிய காலத்தில் வழங்குவோமாக.