மண்ணுக்குள் ஒரு மக்கள்தொகைக் கணக்கு

ஒரு நாட்டின் பொருளாதாரத்தைத் திட்டமிட வேண்டுமானால், அங்கு எத்தனை பேர் வாழ்கின்றனர், யார் என்ன தொழில் செய்கின்றனர் என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். அதற்காகவே மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அரசுகள் பெரும்பொருள் செலவிடுகின்றன. ஆனால், நமக்கு உணவளிக்கும் மண்ணுக்குள் யார் யார் வாழ்கின்றனர், அவர்கள் அங்கே என்ன செய்கின்றனர் என்ற கணக்கைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கை எடுப்பதற்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் நேதன் அகஸ்டஸ் காப். தாவர நோயியல் பயில்வோருக்கு நன்கு அறிமுகமான இவரது பெயரை மற்றவர்களும் அறிந்துகொள்வது நல்லது.

அவர் கணக்கெடுத்த உயிரினம் நூற்புழு. இதை மண்புழுவோடு குழப்பிக்கொள்ளலாகாது. மண்ணில் வாழும் நூற்புழுக்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாதவை; வெறுங்கண்ணுக்குப் புலப்படாதவை. பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் உண்டு, பயிருக்கு வேண்டிய சத்துகளை மண்ணில் விடுவிக்கும் நல்லவையும் அவற்றில் உண்டு. ஊசி போன்ற வாயுறுப்பால் வேரைத் துளைத்துச் சாறுண்ணும் பகைவர்களும் உண்டு. பூமியில் வாழும் விலங்குகளில் ஐந்தில் நான்கு நூற்புழுக்களே என்று 2019-இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டது.

இவ்வளவு பெரிய கூட்டத்தைப் பற்றிய அறிவு 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை துண்டுதுண்டாகவே இருந்தது. 1743-இல் நீடாம் என்ற பாதிரியார் உருக்குலைந்த கோதுமை மணிகளுக்குள் இப்புழுக்களைக் கண்டார். 1855-இல் பெர்க்லி என்ற இங்கிலாந்து அறிஞர் வெள்ளரி வேர் முடிச்சுகளுக்குள் கண்டார். கண்டவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தித் தனி அறிவியலாக ஆக்க ஒருவர் தேவைப்பட்டார்.

நேதன் காப் 1859 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பென்சர் என்ற ஊரில் பிறந்தார். எளிய குடும்பம்; இளமையிலேயே பண்ணை வேலை. பெரும்பாலும் தாமே முயன்று கற்ற அவர், வூஸ்டர் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1881-இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஆலிஸ் புரொக்டரை மணந்து, ஈஸ்ட்ஹாம்ப்டன் ஊரில் ஒரு பள்ளியில் ஆறாண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றினார். நிலையான வருமானம் தந்த அந்த வேலையை விட்டுவிட்டு, 1887-இல் மனைவி, குழந்தைகளுடன் ஜெர்மனிக்குப் புறப்பட்டார். அங்கு யேனா பல்கலைக்கழகத்தில், எர்ன்ஸ்ட் ஹெக்கல் போன்ற பேரறிஞர்களிடம் பயின்று, நூற்புழுக்களின் உடலமைப்பைப் பற்றிய ஆய்வேட்டுக்காக 1888-இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் இத்தாலியின் நேப்பிள்ஸ் கடல் உயிரியல் நிலையத்தில் சில காலம் ஆராய்ந்தார்.

1889-இல் குடும்பத்துடன் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குக் கப்பலேறினார். நியூ சவுத் வேல்ஸ் அரசு புதிதாக வேளாண்மைத் துறையைத் தொடங்கியபோது அதன் தாவர நோயியல் அறிஞராகப் பணியமர்ந்தார். அப்போது அம்மாநிலத்தின் கோதுமை வயல்களைத் துரு நோய் வாட்டிக்கொண்டிருந்தது. ஓர் இலையில் எவ்வளவு பரப்பைத் துரு பிடித்துள்ளது என்பதை எவரும் ஒரே மாதிரி மதிப்பிடும் வகையில் படங்களுடன் கூடிய அளவுகோல் ஒன்றை அவர் வகுத்தார். திருத்தப்பட்ட வடிவில், அவர் பெயராலேயே, இன்றும் கோதுமை ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகின்றனர். கரும்பில் பிசின் வடியும் நோய்க்கு ஒரு பாக்டீரியா காரணம் என்பதையும் அவர் 1893-இல் விளக்கினார்.

இவையெல்லாம் அலுவலகக் கடமைகள். அவற்றினூடே நூற்புழுக்களையும் அவர் விடவில்லை. ஆஸ்திரேலியா, பிஜி தீவுகளின் நூற்புழுக்கள் பற்றிய அவரது படைப்பு 1893-இல் வெளிவந்தது. பிஜியில் நோயுற்ற வாழையின் வேர்ப்பகுதியில் கிடைத்த ஒரு புழுவை அதில் அவர் முதன்முறையாக விவரித்துப் பெயரிட்டார். வாழை வேரைக் குடைந்து, காய்த்த மரத்தைக் குலையோடு சாய்த்துவிடும் புழு அது. இந்தோனேசியாவின் பங்கா தீவில் பின்னாளில் 2 கோடிக்கும் மேற்பட்ட மிளகுக் கொடிகள் மடியக் காரணமானதும் அதுவே. நம் தென்னாட்டு வாழை விவசாயிக்கும் மிளகு விவசாயிக்கும் அது பழைய பகைவன்.

ஒரு புதிய சிற்றினத்தை விவரிப்பது எளிய வேலையன்று. கிடைத்த புழு, அதற்கு முன் உலகில் எவராலும் விவரிக்கப்படாதது என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். அதற்குச் சிதறிக் கிடக்கும் பழைய விவரிப்புகளையெல்லாம் தேடிப் படித்தாக வேண்டும். பிறகு உடல் நீளம், அகலம், வாயூசியின் நீளம், உணவுக்குழலின் வடிவம், இனப்பெருக்கத் துளையின் இடம், வால் நுனியின் அமைப்பு என ஒவ்வொன்றையும் அளந்து, வரைந்து, ஏற்கெனவே அறியப்பட்ட உறவினங்களிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது என்று காட்ட வேண்டும். இறுதியில், விவரிப்புக்கு ஆதாரமான அந்தப் புழுவையே கண்ணாடித் தகட்டில் பதித்து, பின்வருவோர் சரிபார்ப்பதற்காகப் பாதுகாத்து வைக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் தவறு நேரும். 1905-இல் ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்ட உரிமையாளர் சங்கத்தின் ஆய்வு நிலையத்துக்குச் சென்ற நேதன் காப், அங்கே கரும்பு வேரில் கண்ட ஒரு புழுவைப் புதியதெனக் கருதி 1909-இல் பெயர் சூட்டினார். இப்புழுவின் ஆணும் பெண்ணும் தோற்றத்தில் மிகவும் வேறுபடுபவை. 1915-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, கரும்புக்கும் வாழைக்கும் வேர்நோய் தருவது ஒரே புழுதான் என்று கூறி, பிஜியில் தாம் இட்ட பழைய பெயரையே நிலைநிறுத்தியது. தாம் சூட்டிய பெயரொன்றைத் தாமே கைவிடுவதற்கு அறிஞனுக்கு நேர்மை வேண்டும். வகைப்பாட்டியலின் நம்பகத்தன்மை இத்தகைய திருத்தங்களால்தான் வளர்கிறது.

1907-இல் அவர் வாஷிங்டன் சென்று அமெரிக்க வேளாண் துறையில் சேர்ந்தார். அங்கு முதலில் அவர் கைக்கு வந்தது புழு அல்ல, பருத்தி. அக்காலத்தில் பஞ்சின் தரத்துக்கு ஒரு சந்தையில் ஒரு பொருள், மற்றொரு சந்தையில் வேறொரு பொருள். தரத்தைச் சொல்லும் சொல் வணிகரின் கையில் இருந்ததால் விலையும் அவர் கையில் இருந்தது, விளைவித்தவன் நட்டமடைந்தான். பஞ்சின் தரப் படிநிலைகளை வகுக்குமாறு அமெரிக்க நாடாளுமன்றம் 1908-இல் வேளாண் துறையைப் பணித்தது. இழையை நுண்ணோக்கியில் அளந்து, அதிகாரபூர்வ மாதிரிகளை உருவாக்கும் பணியில் அவர் முன்னின்றார்.

பருத்திக்கும் நூற்புழுவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பொருளாதாரம் பயிற்றுவித்த எனக்கு இரண்டும் ஒரே பணியாகத் தோன்றுகின்றன. நடுத்தரப் பஞ்சு என்ற சொல் எங்கும் ஒரே பொருளைக் குறித்தால்தான் சந்தை நேர்மையாக இயங்கும். ஒரு புழுவின் பெயர் எங்கும் ஒரே புழுவைக் குறித்தால்தான் ஒரு நாட்டில் கண்ட தீர்வு இன்னொரு நாட்டு வயலுக்குப் பயன்படும். இரண்டிலும் தேவைப்படுபவை ஒரு மாதிரி, ஓர் அளவுகோல், எவரும் சரிபார்க்கத்தக்க ஒரு பதிவு. இம்மூன்றையும் உருவாக்குவதே அவரது வாழ்நாள் வேலையாக இருந்தது.

அதற்கான கருவிகளையும் அவரே வடிவமைத்தார். மண்ணை நீரில் கரைத்து, கனமான துகள்கள் படிந்தபின் மேல்நீரை அடுத்தடுத்து நுண்ணிய சல்லடைகளில் ஊற்றிப் புழுக்களைப் பிரிக்கும் அவரது முறையை நம் வேளாண் கல்லூரி மாணவர்கள் இன்றும் ஆய்வகத்தில் கற்கின்றனர். புழுவை இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கிடையே வைத்து அலுமினியச் சட்டத்தில் பொருத்தி, இருபுறமும் திருப்பிப் பார்க்கும் தகடும் அவர் உருவாக்கியதே. புழுவின் உடலில் குறிப்பிட்ட ஐந்து இடங்களை, தலையிலிருந்து உள்ள தொலைவையும் அங்குள்ள அகலத்தையும் உடல் நீளத்தின் விழுக்காடாகக் கூறும் ஒரு சூத்திரத்தையும் வகுத்தார். பெரிய புழுவையும் சிறிய புழுவையும் ஒப்பிடுவதற்கு அது வழி செய்தது.

1913-இல் அவர் பெயரிட்டவற்றுள் ஒன்று எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களின் வேரில் பாதி உடலைப் புதைத்து வாழும் நூற்புழு. அதன் பெயரைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு எலுமிச்சைத் தோட்டம் நினைவுக்கு வந்தது. நான் மாணவனாக இருந்த காலத்தில் அந்த மரங்கள் ஆண்டுக்காண்டு இலை வெளிறி, காய் சிறுத்து, நுனி காய்ந்து வந்தன. தந்தையார் உரத்தைக் கூட்டினார். பிறகு நீரைக் கூட்டினார். அதன்பின் கடனைக் கூட்டினார். மரங்களை வெட்டிய பிறகுதான், ஒருவர் சொல்லி, எஞ்சியிருந்த வேரைச் சோதனைக்கு அனுப்பினோம். வந்த பதில் இந்தப் புழுவின் பெயர். அறுபது ஆண்டுகளாக நூல்களில் இருந்த ஒரு பெயர் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் தோட்டமே இல்லாமல் போயிற்று.

1914-ஆம் ஆண்டுக்கான அமெரிக்க வேளாண் துறையின் ஆண்டு மலரில் அவர் பொதுமக்களுக்காக எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. உலகில் நூற்புழுக்களைத் தவிர மற்றனைத்தும் மறைந்துபோனாலும், அப்புழுக்களின் மெல்லிய படலத்தைக் கொண்டே மலையும் ஆறும் ஊரும் இருந்த இடங்களை அடையாளம் காணலாம் என்பது அதில் அவர் வரைந்து காட்டிய கற்பனை. நூற்புழுவியல் என்பது தனித்துறை என்று வாதிட்டு அதற்குப் பெயர் தந்தவரும் அவரே. நூற்புழுக்களுக்குத் தனித் தொகுதி ஒன்றை 1919-இல் அவர் முன்மொழிந்தார். அவர் சூட்டிய தொகுதிப் பெயரைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. துறைப் பெயர் நிலைத்துவிட்டது. அவர் விவரித்த சிற்றினங்கள் ஆயிரத்துக்கும் மேல். ஸ்டைனர், தார்ன், கிறிஸ்டி எனத் தமக்குப்பின் அப்பணியைத் தொடரும் ஒரு தலைமுறையையும் அவர் உருவாக்கினார். மகள் ஃபிரீடா மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மரபியல் அறிஞரானார்.

1932 ஜூன் 4 அன்று பால்டிமோர் நகரில் நேதன் காப் காலமானார். அவர் பதித்த கண்ணாடித் தகடுகள் மேரிலாந்து மாநிலத்தின் பெல்ட்ஸ்வில்லில் உள்ள அமெரிக்க வேளாண் துறையின் தொகுப்பில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

பெயர் சூட்டுவதால் உழவனுக்கு என்ன பயன் என்பதற்கு நம் நீலகிரியே சான்று. 1961-இல் உதகமண்டலத்தில் உருளைக்கிழங்கு வயல்களில் முட்டைக்கூடு நூற்புழு இருப்பதை ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் அடையாளம் கண்டார். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து உலகெங்கும் பரவிய புழு அது. அடையாளம் தெரிந்ததால்தான் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே செல்வதைத் தடுக்க முடிந்தது. ஒரே சிற்றினம் என்று கருதப்பட்ட அப்புழு உண்மையில் இரண்டு என்பது 1973 வாக்கில் தெளிவாயிற்று. அது வெறும் ஏட்டளவிலான திருத்தமன்று. ஒன்றை எதிர்க்கும் கிழங்கு மற்றொன்றை எதிர்க்காது என்பதால், இரண்டையும் தாங்கும் ரகம் தேவைப்பட்டது. நீலகிரிக்கென 1985-இல் வெளியிடப்பட்ட குப்ரி ஸ்வர்ணா அத்தகையது.

இப்படிப்பட்ட அறிவுக்குச் சந்தையில் விலை கிடையாது. ஒரு புழுவின் பெயரை ஒருவர் கண்டறிந்து வெளியிட்டால், அதனால் பயனடையும் லட்சக்கணக்கானோரிடம் அவர் கட்டணம் பெற இயலாது. பொருளாதாரத்தில் இதைப் பொதுப்பண்டம் என்போம். கலங்கரை விளக்கம் போன்றது. தனியார் முதலீடு இதற்கு வராது. நேதன் காப்புக்கு ஊதியம் தந்ததில் பெரும்பங்கு அரசுகளுடையது. இன்றோ உலகெங்கும் வகைப்பாட்டியல் அறிஞர்கள் குறைந்து வருகின்றனர். ஓய்வு பெறுபவரின் இடத்துக்கு வேறு துறையினர் நியமிக்கப்படுகின்றனர். விரைவாகப் பல கட்டுரைகள் எழுத உதவாத துறையை இளையோரும் நாடுவதில்லை.

மரபணுச் சோதனை வந்துவிட்ட பிறகு நுண்ணோக்கியில் கண்வைப்போர் எதற்கு என்று வினவுவோர் உண்டு. அச்சோதனை தருவது ஓர் எழுத்து வரிசை மட்டுமே. அது எந்தப் புழுவுடையது என்று சொல்ல, சரியாகப் பெயரிடப்பட்ட ஒரு மாதிரியின் வரிசையோடு ஒப்பிட்டாக வேண்டும். அந்த மாதிரிக்குத் தவறான பெயர் இடப்பட்டிருந்தால், எத்தனை விலையுயர்ந்த கருவியும் அதே தவறையே திருப்பிச் சொல்லும்.

இதுவரை விவரிக்கப்பட்ட நூற்புழுச் சிற்றினங்கள் 30 ஆயிரத்துக்குள்தான் இருக்கும். எஞ்சியவை பல லட்சம் என்று மதிப்பிடுவோரும் உண்டு. வேளாண் பல்கலைக்கழகங்களில் வகைப்பாட்டியலுக்கென நிரந்தரப் பணியிடங்கள், முறையாகப் பராமரிக்கப்படும் மாதிரித் தொகுப்புகள், உழவர் கொண்டுவரும் ஒரு பிடி மண்ணுக்குச் சில நாள்களில் பதில் சொல்லும் மாவட்ட ஆய்வகங்கள் ஆகிய மூன்றுக்கும் ஆகும் செலவு, தவறான மருந்துக்கு உழவர்கள் ஒரு பருவத்தில் இழப்பதோடு ஒப்பிட்டால் பெரிதாக இராது. நேதன் காப் தொடங்கிய கணக்கெடுப்பு இன்னும் முடியவில்லை. அதைத் தொடர்வதற்கு ஆளும் இடமும் தருவது அரசின் பொறுப்பு.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (பணிநிறைவு).